சாவிக்கொத்து விளக்குக்கு எந்த நிறம் ஏற்றது?

கட்டை விரல் அளவே உள்ள சின்னஞ்சிறு டார்ச் விளக்குகள் இன்று பெட்டிக்கடை முதல் திருவிழாக் கடை வரை எங்கும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. மோட்டார் கொட்டகைச் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக் கொள்ளலாம். கைப்பேசியில் விளக்கு இருந்தாலும், ஈரக் கையோடும் சேற்றுக் கையோடும் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிறு விளக்கு பெரிதும் உதவுகிறது.

ஒரே வடிவம், ஒரே அளவில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், ஊதா ஆகிய நிறங்களில் ஒளி தரும் விளக்குகள் உள்ளன. பலர் கண்ணுக்கு அழகாக இருக்கும் நிறத்தை எடுத்து வந்து விடுகிறார்கள். வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு எந்த நிறமும் போதும். இரவில் தண்ணீர் பாய்ச்சவும், மோட்டார் போடவும், மாட்டைப் பார்க்கவும் போகிறவருக்கு அப்படியல்ல. தவறான நிறம் பாம்பை மறைக்கும்; மின்கம்பியின் நிறத்தை மாற்றிக் காட்டும்; பாலில் வரும் இரத்தத்தைக் காட்டாமல் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு நிறத்தின் தன்மையையும் அறிந்து வாங்குவது நலம்.

நிற ஒளி எதை மறைக்கிறது?

ஒரு பொருள் தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி விட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் அந்த ஒளியே பொருளின் நிறமாக நமக்குத் தெரிகிறது. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியிருப்பதால் பழுத்த மிளகாய் சிவப்பாகவும், காய் பச்சையாகவும் தெரிகின்றன. சிவப்பு ஒளியில் சிவப்பைத் தவிர வேறு நிறம் இல்லை. ஆகவே சிவப்புப் பொருளும் வெள்ளைப் பொருளும் மஞ்சள் பொருளும் ஏறக்குறைய ஒன்றுபோல வெளிறித் தெரியும். பச்சையும் நீலமும் கறுப்பும் ஒன்றுபோல இருண்டு தெரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, இருட்டறையில் சிவப்பு விளக்கை அடித்தால் கோடு மங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும். அதே கோட்டின் மேல் பச்சை விளக்கை அடித்தால் கறுப்பாகத் தெரியும். நிற ஒளி தன் நிறத்தில் உள்ள பொருளை மறைக்கும், மாற்று நிறத்தில் உள்ள பொருளைக் கறுப்பாக்கும் என்ற இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

வெள்ளையிலும் இரண்டு வகை

எல்.ஈ.டி. எனப்படும் சிறு பல்பிலிருந்து வெள்ளை ஒளி நேரடியாக வருவதில்லை. நீல ஒளி தரும் பல்பின் மேல் மஞ்சள் பூச்சு பூசப்பட்டுள்ளது. நீல ஒளியில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. மீதி நீலமும் அந்த மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பூச்சு குறைவாக இருந்தால் ஒளி நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். அட்டையில் 6000 அல்லது 6500 கெல்வின் என்று போட்டிருப்பார்கள். பூச்சு மிகுதியாக இருந்தால் பழைய குண்டு பல்பைப் போல மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். இதை 2700 அல்லது 3000 கெல்வின் என்று குறிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் 4000 கெல்வின் அளவில் நடுத்தர வெள்ளையும் உண்டு.

நீலம் கலந்த வெள்ளை பார்வைக்கு அதிக வெளிச்சமாகத் தோன்றும். ஆனால் அதில் பூச்சிகள் அதிகம் வந்து விழும். மஞ்சள் கலந்த வெள்ளையிலும் நடுத்தர வெள்ளையிலும் மண், சருகு, தோல், புண் ஆகியவற்றின் பழுப்பு, சிவப்பு நிறங்கள் நன்றாகப் பிரிந்து தெரியும். எனவே ஒரே ஒரு சிறு விளக்கு வாங்குபவர்கள் நடுத்தர வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த வெள்ளையை வாங்குவது உத்தமம்.

வரப்பில் நடக்கும்போது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தினர்.

கண்ணாடி விரியனின் உடல் பழுப்பு நிறம். அதன் மேல் சங்கிலி கோத்தாற்போல் கரும்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். செம்மண் வரப்பில் சருகுகளுக்கு நடுவே இது கிடந்தால் பகலிலேயே கண்டுபிடிப்பது கடினம். சிவப்பு ஒளியில் மண்ணும் சருகும் பாம்பின் பழுப்பு உடலும் ஒன்றாகக் கலந்து விடும். கட்டுவிரியன் பளபளக்கும் கறுப்பு உடலும் மெல்லிய வெள்ளைப் பட்டைகளும் கொண்டது. இரவில் நடமாடும் இந்தப் பாம்பை நீல ஒளியிலோ மங்கலான சிவப்பு ஒளியிலோ காய்ந்த கொடி என்று எண்ணி மிதித்துவிட நேரும்.

நாய், பூனை, மாடு ஆகியவற்றின் கண்கள் விளக்கொளியில் மின்னுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கண்ணின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருப்பதே இதற்குக் காரணம். பாம்புக்கும் பன்றிக்கும் இந்தப் படலம் கிடையாது. ஆகவே எதுவும் மின்னவில்லை என்பதற்காகப் பாதையில் பாம்பு இல்லை, கொல்லையில் காட்டுப்பன்றி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நடப்பதற்கு வெள்ளை ஒளியே ஏற்றது. அதிலும் சாவிக்கொத்து விளக்கின் ஒளி சில அடி தூரமே எட்டும். வரப்பில் நடக்கக் கையில் பெரிய டார்ச் விளக்கும், காலில் செருப்போ பூட்ஸோ இருக்க வேண்டும். பெரிய விளக்கின் பாட்டரி தீர்ந்தால் வீடு வந்து சேர்வதற்குத்தான் சிறு விளக்கு.

பாம்பு கடித்துவிட்டால் கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல், மோதிரம், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு விளைவிக்கும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் இருக்கலாம். வலி இல்லை என்று விடியும் வரை காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

மோட்டார் கொட்டகையில்

மும்முனை மின்சாரம் இரவில் வருகிற இடங்களில் விவசாயி நள்ளிரவில் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கிறது. மும்முனைக் கம்பிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற நிறங்களில் இருக்கும். நீர்மூழ்கி மோட்டாரின் தட்டைக் கேபிளிலும் இதே மூன்று நிறங்கள்தான். நியூட்ரல் கம்பி கறுப்பாகவும், எர்த் கம்பி பச்சையாகவும் இருப்பது வழக்கம்.

சிவப்பு விளக்கில் பார்த்தால் சிவப்புக் கம்பியும் மஞ்சள் கம்பியும் ஒன்றுபோல வெளிறித் தெரியும். நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றுபோல இருண்டு தெரியும். அதாவது பேஸ் கம்பி எது, எர்த் கம்பி எது என்பதே தெரியாது. நீல விளக்கில் சிவப்பும் கறுப்பும் வேறுபடாது. இரண்டு பேஸ் கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பேஸும் எர்த்தும் மாறினால் மோட்டார் உடலிலேயே மின்சாரம் பாயும். மோட்டார் கொட்டகைச் சாவியோடு நிற விளக்கை மட்டும் கோத்து வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே தக்க காரணம்.

வெள்ளை விளக்கு இருந்தாலும் இரவில் செய்யத் தக்கது சுவிட்சைப் போடுவது, நிறுத்துவது, பியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவைதான். கம்பி இணைக்கும் வேலையைப் பகலில், மெயின் சுவிட்சை நிறுத்தி, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வதே பாதுகாப்பானது.

மாட்டுத் தொழுவத்தில்

அதிகாலையில் பால் கறப்பவர்கள் முதல் இரண்டு மூன்று பீச்சுகளைக் கறுப்புத் துணி கட்டிய குவளையில் பீச்சிப் பார்ப்பது நல்ல வழக்கம். பாலில் திரி, கட்டி இருந்தால் மடிநோயின் அறிகுறி. இரத்தம் கலந்திருந்தால் பால் இளஞ்சிவப்பாக இருக்கும். இந்தச் சோதனையைச் சிவப்பு விளக்கில் செய்தால் பயனில்லை. இரத்தம் கலந்த பாலும் நல்ல பாலும் ஒன்றாகவே தெரியும். குளம்புப் புண், கன்று ஈன்ற பின் வரும் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இங்கே மஞ்சள் கலந்த வெள்ளையே ஏற்றது. விளக்கை மாட்டின் முகத்துக்கு நேரே திடீரென்று அடிக்காமல், குரல் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் தரையை நோக்கி அடிக்க வேண்டும்.

நாட்டுக்கோழி அடைவைப்பவர்கள் 7ஆம் நாள் முட்டையின் அகன்ற பக்கத்தில் சிறு வெள்ளை விளக்கை ஒட்டி வைத்து, இருட்டில் பார்க்கலாம். கருக்கூடிய முட்டையில் சிலந்தி வலை போல இரத்த நரம்புகள் தெரியும். கூடாத முட்டை தெளிவாக இருக்கும். அதை அப்போதே நீக்கி விடலாம்.

சிவப்பு: காவலுக்கு நல்லது

இவ்வளவு குறை சொன்ன சிவப்பு விளக்குக்கும் இடம் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும் கண் நன்றாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பழகிய கண்ணில் ஒரு கணம் வெள்ளை ஒளி பட்டாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மங்கலான ஒளியில் பார்க்க உதவும் கண் செல்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. ஆகவே மங்கலான சிவப்பு ஒளியில் இருட்டுப் பார்வை கெடுவதில்லை.

பரண் மேல் காவல் இருப்பவர் மணி பார்க்கவும், முறைத் தண்ணீர் திறந்த நேரத்தைக் குறித்துக் கொள்ளவும் சிவப்பு விளக்கு மிகவும் ஏற்றது. பார்த்து முடித்ததும் தலை நிமிர்ந்தால் கொல்லை முன்போலவே கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது என்பதால் முகத்தில் வந்து மோதும் பூச்சிகளும் குறைவு. ஆனால் விளக்கு மங்கலாக இருக்க வேண்டும். கண் கூசும் சிவப்பு ஒளியால் பயனில்லை.

சிவப்பு எல்.ஈ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஆகவே வெள்ளை விளக்கு எரிய மறுக்கும் பழைய பாட்டரியிலும் சிவப்பு விளக்கு சில காலம் எரியும்.

மஞ்சளும் பனிமூட்டமும்

கரு மஞ்சள் ஒளியில் நீலம் இல்லை. ஆகவே வெள்ளையைக் காட்டிலும் பூச்சிகள் குறைவாகவே வரும். திண்ணையில் உட்கார்ந்து கடலை உடைக்கவும், தொழுவத்தில் மாட்டி வைக்கவும் நல்லது. மார்கழிப் பனியை மஞ்சள் ஒளி துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. பனியில் பயன் தருவது விளக்கைப் பிடிக்கும் விதமே. கண் மட்டத்தில் பிடித்தால் ஒளி பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணையே கூச வைக்கும். முழங்காலுக்குக் கீழே தாழ்த்தித் தரையை நோக்கிப் பிடித்தால் பாதை தெரியும்.

பச்சையும் நீலமும்

மனிதக் கண் பச்சை நிறத்தையே மிக எளிதாக உணர்கிறது. ஒரே அளவு ஒளிச்சக்தி இருந்தால் பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் பயிரைப் பார்க்க இது உதவாது. பச்சை இலையையும் மஞ்சள் பாய்ந்த இலையையும் இந்த ஒளியில் வேறுபடுத்த முடியாது. நெற்பயிரின் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டையை எந்த நிற விளக்கிலும் பார்க்கக் கூடாது. காலை 8 முதல் 10 மணிக்குள், நேர் வெயில் படாமல் உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீல ஒளி கோழி வளர்ப்போருக்குப் பயன்படும். மங்கலான நீல ஒளியில் கோழிகள் அமைதியாக இருக்கும். கலவரப்பட்டு ஒன்றன் மேல் ஒன்று ஏறி மிதிபடுவதில்லை. இரவில் கோழி பிடிக்கவும், தடுப்பூசிக்காக எடுக்கவும் இது உகந்தது. வெளியில் நடக்க நீலம் ஏற்றதல்ல, பூச்சிகளையும் அழைக்கும்.

ஊதா: தேளைக் காட்டும் விளக்கு

புறஊதா விளக்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. இதன் கதிர் கண்ணுக்கு மங்கலான ஊதாவாகவே தெரியும். ஆனால் இருட்டில் தேளின் மேல் பட்டால் தேளின் மேலோடு நீலப் பச்சையாக ஒளிரும். விறகுக் கட்டு, தேங்காய் மட்டைக் குவியல், வறட்டி அடுக்கு, செங்கல் குவியல் ஆகியவற்றில் கை வைக்கும் முன் இந்த விளக்கை அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு குறைகளை மறக்கக் கூடாது. அண்மையில் சட்டை உரித்த தேள், மேலோடு கெட்டிப்படும் வரை ஒளிராது. விறகுக்கு அடியில் மறைந்திருக்கும் தேளின் மேல் கதிர் படாது. ஒளிரவில்லை என்பதால் தேளே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

செந்தேள் கொட்டினால் குழந்தைகளின் இதயம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரும். மகாராஷ்டிர மாநிலம் மகாடில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பிரசோசின் என்ற மருந்து இதற்குப் பயன்படுவதைக் கண்டறிந்து பல உயிர்களைக் காத்தவர். 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்வையும் வாந்தியும் இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.

மக்காச்சோள மணிகளில் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை வளர்ந்திருந்தால், உடைத்த மணிகள் புறஊதா ஒளியில் பளிச்சென்ற மஞ்சள் பச்சையாக ஒளிர்வது உண்டு. இது சந்தேகத்துக்கான அடையாளம் மட்டுமே. ஆய்வுக்கூடச் சோதனைதான் உறுதி செய்யும்.

இந்த விளக்கை வாங்குவோர் 365 நானோமீட்டர் என்று குறித்ததை வாங்கினால் தேள் தெளிவாகத் தெரியும். 395 என்று குறித்த மலிவு விளக்கில் ஊதா வெளிச்சமே மிகுதியாக இருப்பதால் ஒளிர்வு சற்று மங்கும். இரண்டையும் கண்ணுக்கு நேரே அடிக்கக் கூடாது. வெளிச்சம் மங்கலாக இருப்பதால் கண் கூசாது. கேடு தெரியாமலே நேரும். ஆகவே குழந்தைகள் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மோட்டார் கேபிள் வெட்டில் மிஞ்சிய சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சைக் கம்பித் துண்டுகளைக் கடைக்கு எடுத்துச் சென்று, நிழலான மூலையில் விளக்கை அடித்துப் பார்க்கலாம். ஐந்தும் ஐந்தாகத் தெரியும் விளக்கே நல்ல விளக்கு.

அமுக்கிப் பிடித்தால் மட்டும் எரியும் விளக்கை விட, ஒரு முறை அழுத்தினால் நின்று எரியும் விளக்கு வேலைக்கு உதவும். பெரும்பாலான சிறு விளக்குகளில் நாணயம் போன்ற 3 வோல்ட் லிதியம் பாட்டரி இருக்கும். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்று பொருள். இரண்டு பாட்டரி போடும் விளக்கில் பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது, பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வில்லைப் பாட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளாகவே குழாய் வெந்து கடுமையான புண் உண்டாகும். தீர்ந்துபோன பாட்டரியும் இதே கேட்டைச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சுருக்கமாக

ஒரே விளக்கு வாங்குவோர்: நடுத்தர வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த வெள்ளை.

இரவுக் காவலுக்கு இரண்டாவது விளக்காக: மங்கலான சிவப்பு.

திண்ணைக்கும் தொழுவத்தில் மாட்டவும்: கரு மஞ்சள்.

கோழி பிடிக்க: மங்கலான நீலம்.

விறகு, மட்டைக் குவியலில் தேள் தேட: 365 நானோமீட்டர் புறஊதா.

மோட்டார் கொட்டகைச் சாவியில்: வெள்ளை தவிர வேறு எதுவும் வேண்டாம்.

நிற விளக்கு ஏதேனும் வாங்கினால் அதை வேறு கொத்தில் கோத்து வைப்பது நல்லது. இருட்டில் அவசரத்தில் கைக்கு வரும் விளக்கு எப்போதும் வெள்ளையாகவே இருக்கட்டும்.